சாவி பக்கத்தில்தான் இருக்கிறதா? கார் திருட்டைத் தடுப்பது பற்றி ஓர் எளிய விளக்கம்

கார் திருட்டைப் பற்றிப் பேச்சு வந்தால் மூன்று வாக்கியங்கள் தவறாமல் காதில் விழும். "என் வண்டியில அலாரம் இருக்கு, பயமில்ல." "ஜிபிஎஸ் மாட்டிட்டேன், இனி யாரும் தூக்க முடியாது." "இப்பல்லாம் சாவியையே காப்பி அடிச்சிடறாங்களாம், நாம என்ன பண்றது?" முதல் இரண்டும் வீண் தைரியம், மூன்றாவது வீண் பயம். அலாரம், சென்ட்ரல் லாக், இம்மொபிலைசர், டிராக்கர் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'செக்யூரிட்டி' என்று பெயர் வைத்துவிட்டதால் வந்த குழப்பம் இது. எது எதைத் தடுக்கும், எது தடுக்காது என்று தெரிந்துவிட்டால் எதற்குச் செலவு செய்யலாம் என்பதும் தெரிந்துவிடும். அதற்கு எலக்ட்ரானிக்ஸ் படித்திருக்க வேண்டியதில்லை.

திருடனுக்கு நான்கு வேலை

ஒரு கார் களவு போக நான்கு காரியம் நடக்க வேண்டும். உள்ளே ஏற வேண்டும். எஞ்சினைக் கிளப்ப வேண்டும். ஸ்டியரிங்கைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போக வேண்டும். போன பிறகு யார் கண்ணிலும் படாமல் வைத்திருக்க வேண்டும்.

கதவுப் பூட்டு முதல் வேலையை மட்டும் தடுக்கிறது. ஒரு கல்லும் ஒரு கண்ணாடி ஜன்னலும் போதும், அது முடிந்தது. இம்மொபிலைசர் இரண்டாவதைத் தடுக்கிறது. ஸ்டியரிங்கில் மாட்டும் இரும்புப் பூட்டு மூன்றாவதை. கார் இருக்கும் இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் டிராக்கர் நான்காவதை. அலாரம்? அது இந்த நான்கில் எதையும் தடுப்பதில்லை. சத்தம் போடும். அந்தச் சத்தத்தைக் கேட்டு யாராவது எட்டிப் பார்த்தால்தான் அதற்குப் பலன் உண்டு. காற்றுக்கும் பூனைக்கும் அலறும் அலாரங்களைக் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்ட தெருவில் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

ஆக, உங்கள் காரில் என்ன பொருத்தியிருந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது அந்த நான்கில் எந்த வேலையைக் கெடுக்கிறது?

சாவிக்குள் ஒரு கறுப்புக் கட்டி

பழைய கார்களில் சாவி என்பது வெறும் இரும்பு. அதன் பற்கள் பூட்டுக்குள் பொருந்தினால் சாவி திரும்பும், திரும்பினால் கம்பிகள் சேரும், எஞ்சின் ஓடும். பூட்டை உடைத்துவிட்டுக் கம்பிகளைக் கையால் சேர்த்தாலும் ஓடும். சேர்த்தது சொந்தக்காரரா திருடனா என்று எஞ்சினுக்குத் தெரிய வழியே இல்லை.

அந்த வழியைக் கொடுத்ததுதான் இம்மொபிலைசர்: சரியான சாவி என்று உறுதியாகும்வரை எஞ்சினை ஓடவிடாத எலக்ட்ரானிக் தடுப்பு. பற்கள் பொருந்துவதோடு, எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரும் சாவியை அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். காணாவிட்டால் எஞ்சினுக்குப் பெட்ரோல் போகாது, அல்லது தீப்பொறி வராது.

என் பழைய காரின் சாவித் தலை ஒருநாள் கீழே விழுந்து பிளந்தது. உள்ளே ஒரு சின்னக் குழியிலிருந்து, விரல் நகத்தைவிடச் சிறிய கறுப்புக் கட்டி ஒன்று கழன்று மேசையில் விழுந்தது. அதில் கம்பியும் இல்லை, பேட்டரியும் இல்லை. அதை மேசையிலேயே விட்டுவிட்டு வெறும் சாவியைக் கொண்டுபோய்த் திருகிப் பார்த்தேன். ஸ்டார்ட்டர் சுற்றியது, எஞ்சின் ஒரு நொடி பிடித்து அணைந்துவிட்டது. டேஷ்போர்டில் சாவிப் படம் போட்ட விளக்கு படபடவென்று மினுக்கியது. அப்புறம் கட்டியை எடுத்து வந்து சாவியோடு சேர்த்துப் பிடித்துத் திருகினேன். ஒன்றுமே நடக்காதது போல் வண்டி ஓடியது. உண்மையான சாவி எது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அந்தக் கட்டிக்கு டிரான்ஸ்பாண்டர் என்று பெயர்: தன்னைக் கேட்டால் மட்டும் பதில் சொல்லும் சிப். அதற்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது? சாவித் துளையைச் சுற்றி ஒரு செப்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. செல்போனைத் தட்டின்மேல் வைத்தால் வயரில்லாமல் சார்ஜ் ஏறுகிறதே, அதே தத்துவம்தான். சுருளிலிருந்து வரும் காந்தப்புலம் சிப்பை அந்தக் கணத்துக்கு மட்டும் உயிர்ப்பிக்கிறது. சில சென்டிமீட்டர் தள்ளிப் போனாலே சிப் தூங்கிவிடும்.

பாஸ்வேர்டு சொல்வதில்லை, கணக்குப் போடுகிறது

சிப் ஒரு ரகசிய எண்ணைச் சொல்கிறது, கார் அதைச் சரிபார்க்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இருந்தால் ஒருமுறை ஒட்டுக்கேட்டாலே கதை முடிந்தது. நடப்பது வேறு.

வாசலில் ஒரு காவலாளி, வெளியே நீங்கள். உங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த ரகசியம்: சொல்லும் எண்ணோடு 7ஐக் கூட்டி 3ஆல் பெருக்க வேண்டும். காவலாளி "12" என்கிறார், நீங்கள் "57" என்கிறீர்கள். கதவு திறக்கிறது. ஒட்டுக்கேட்டவன் மறுநாள் வந்து "57" என்று சொல்லிப் பார்க்கலாம். ஆனால் அன்றைக்குக் காவலாளி கேட்பது "40". அதற்குப் பதில் 141. நேற்றைய பதில் இன்றைக்குச் செல்லாது.

காரும் சாவியும் இதைத்தான் செய்கின்றன. ஒவ்வொரு முறையும் கார் புதிதாக ஓர் எண்ணை வீசுகிறது, சிப் அதைத் தன் ரகசியத்தோடு சேர்த்துக் கணக்குப் போட்டு விடையைத் திருப்பி அனுப்புகிறது. ரகசியம் வெளியே வருவதே இல்லை. கேள்வி–விடை முறை என்று இதைச் சொல்லலாம்.

உண்மையான கணக்கு என் உதாரணத்தைவிடப் பல மடங்கு சிக்கலானது. ஆனாலும் ஆரம்பகாலச் சிப்கள் சிலவற்றில் அது போதவில்லை. 40 பிட் ரகசியம் கொண்ட, பரவலாகப் புழங்கிய ஒரு சிப்பை 2005இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தினரும் ஆர்எஸ்ஏ ஆய்வகத்தினரும் சேர்ந்து உடைத்துக் காட்டினார்கள். 40 பிட் என்றால் சுமார் ஒரு லட்சம் கோடி சாத்தியங்கள். மனிதக் கணக்கில் அது மலை, கம்ப்யூட்டருக்கு ஒரு வேளைச் சாப்பாடு. புதிய சாவிகளில் 128 பிட் வரை வந்துவிட்டது, அதை இப்படி ஒவ்வொன்றாகச் சோதித்துத் தீர்க்க முடியாது.

இம்மொபிலைசர் இருந்த இடம், இல்லாத இடம்

புதிய கார்களில் இம்மொபிலைசர் கட்டாயம் என்று ஐரோப்பிய ஒன்றியம் 1998இல் விதித்தது. ஆஸ்திரேலியா 2001இல், கனடா 2007இல். நெதர்லாந்து நிலவரத்தை ஆராய்ந்த பொருளாதார ஆய்வு ஒன்று, 1995 முதல் 2008 வரையான காலத்தில் கார் திருட்டு சராசரியாக 40 சதவீதம் குறைந்ததற்கு இந்தக் கருவியே காரணம் என்று கணக்கிட்டது.

அமெரிக்காவில் இதற்குச் சட்டக் கட்டாயம் இல்லை. ஹூண்டாய், கியா நிறுவனங்கள் அங்கே விற்ற பல மாடல்களில் இம்மொபிலைசர் இல்லாமலே இருந்தது. 2021, 2022இல் அந்தக் கார்களைக் கிளப்பும் விதம் சமூக ஊடக வீடியோக்களில் பரவி, பதின்ம வயதுப் பிள்ளைகள்கூட ஓட்டிக்கொண்டு போனார்கள். விபத்துகளில் உயிர்களும் போயின. 2023 பிப்ரவரியில் சுமார் 83 லட்சம் கார்களுக்கு இலவச மென்பொருள் திருத்தம் அறிவிக்கப்பட்டது. இத்தனை வேதனைக்கும் காரணம், நகத்தளவு சிப்பும் ஒரு சுருளும் விடுபட்டது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆறவே ஆறாது.

இதுவரை பார்த்தது: இம்மொபிலைசர்தான் எஞ்சினின் காவலாளி. கேள்வி–விடை முறையால் சாவியை அடையாளம் காண்கிறது. சாவித் துளைக்குள் சாவியை நுழைக்கும் காரில் இது மிக வலுவான தடுப்பு, ஏனென்றால் சிப் அந்தத் துளைக்குப் பக்கத்தில் வந்தே ஆக வேண்டும். இந்தக் கடைசி வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வரும் சிக்கல் முழுக்க அதில்தான் இருக்கிறது.

பையை விட்டு எடுக்காத சாவி

கீலெஸ் கார் என்றால் சாவியைப் பையிலிருந்து எடுக்காமலே கதவைத் திறந்து, பொத்தானை அழுத்திக் கிளப்பும் கார். கைப்பிடியில் கை வைத்ததும் கார் ஒரு மெல்லிய அழைப்பு விடுகிறது. பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ் அளவில் இருக்கும் அந்தக் குறைந்த அலைவரிசை ஒன்றிரண்டு மீட்டரைத் தாண்டாது. பையில் இருக்கும் சாவி அதைக் கேட்டதும் 315 அல்லது 433 மெகாஹெர்ட்ஸில் உரக்கப் பதில் சொல்கிறது. இது பல மீட்டர் தூரம் போகும். கணக்கு சரியாக இருந்தால் கதவு திறக்கிறது.

இப்போது காரின் நினைப்பைக் கவனியுங்கள். "என் அழைப்பு இரண்டு மீட்டருக்கு மேல் கேட்காது. சாவி பதில் சொல்லிவிட்டது. அப்படியானால் சாவி இரண்டு மீட்டருக்குள் இருக்கிறது." கார் தூரத்தை அளக்கவில்லை, ஊகிக்கிறது. கணக்கு எவ்வளவு கடினமானதாக இருந்தாலும், அதைப் போட்ட சாவி எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று விடையில் எழுதியிருப்பதில்லை.

நடுவில் இருவர்

குரலை வைத்தே ஆளை அடையாளம் காணும், கண் தெரியாத காவலாளி ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். முதலாளி எங்கோ தன் வீட்டில் இருக்கிறார். யார் கேள்வி கேட்டாலும் பதில் சொல்வது அவர் பழக்கம். ஒருவன் காவலாளி முன் செல்போனை நீட்டுகிறான். அவன் கூட்டாளி முதலாளி வீட்டு ஜன்னலோரம் இன்னொரு செல்போனோடு நிற்கிறான். காவலாளி கேட்ட கேள்வி போன் வழியாக முதலாளி காதுக்குப் போகிறது, அவர் குரல் போன் வழியாகத் திரும்பி வருகிறது. குரல் அசல், பதிலும் அசல். கதவு திறக்கிறது.

இதற்குப் பெயர் ரிலே திருட்டு: காரின் அழைப்பைத் தொலைவில் இருக்கும் சாவிவரை நீட்டிக் கொடுத்து ஏமாற்றுவது. ஒருவன் காருக்குப் பக்கத்தில், மற்றவன் வீட்டு வாசலுக்குப் பக்கத்தில். உள்ளே மேசைமேல் கிடக்கும் சாவி, தன் கார் பக்கத்தில் நின்று அழைப்பதாக நினைத்துப் பதில் சொல்கிறது. கண்ணாடி உடைவதில்லை, அலாரம் அடிப்பதில்லை. உரிய சாவி வந்து திறந்ததாகத்தான் காரின் பதிவில் இருக்கும்.

சாவியைக் காப்பி அடிக்கிறார்கள் என்ற பேச்சு தவறாவது இங்கேதான். யாரும் எதையும் காப்பி அடிக்கவில்லை, ரகசியத்தை உடைக்கவும் இல்லை. சுவிட்சர்லாந்தின் ஈடிஎச் சூரிச் ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், 8 நிறுவனங்களின் 10 கார் மாடல்களைச் சோதித்தார்கள். பத்தும் ஏமாந்தன. நல்ல சங்கேதக் கணக்கு வைத்திருந்தவையும் அதில் சேர்த்தி.

இன்னொரு கேள்வி வரும்: ஓட்டிக்கொண்டு தொலைவு போனதும் சாவி எட்டாதே, எஞ்சின் நின்றுவிடாதா? நிற்காது. சாவியின் பேட்டரி தீர்ந்ததற்காக நெடுஞ்சாலை நடுவில் எஞ்சின் அணைந்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் சாவி இல்லை என்று எச்சரிக்கும், ஓடுவது ஓடிக்கொண்டே இருக்கும். ஒருமுறை அணைத்துவிட்டால்தான் மறுபடி கிளப்ப முடியாது. நம் பாதுகாப்புக்காக வைத்த ஏற்பாடு திருடனுக்கும் சேர்ந்தே உதவுகிறது. இதில் குறை சொல்ல இடமில்லை, நானே வடிவமைத்தாலும் அப்படித்தான் வைப்பேன்.

ஊகிக்காமல் அளந்தால்?

மருந்து நேரானது. ஊகிப்பதை விட்டுவிட்டு அளக்க வேண்டும். மலையடிவாரத்தில் நின்று கத்தினால் எதிரொலி வர எடுக்கும் நேரத்தை வைத்துத் தூரத்தைச் சொல்லலாம் அல்லவா? ரேடியோ அலையிலும் அதைச் செய்யலாம், ஆனால் அது ஒளியின் வேகத்தில் போவது. ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கில் 30 சென்டிமீட்டர் ஓடிவிடும். அவ்வளவு நுணுக்கமான கடிகாரம் வேண்டும், அதற்கேற்ற கூர்மையான அலையும் வேண்டும். 125 கிலோஹெர்ட்ஸ் அலை ஒன்றின் நீளமே 2.4 கிலோமீட்டர், அதை வைத்து இரண்டு மீட்டரை அளப்பது, மைல்கல்லை வைத்துத் துணி அளப்பது மாதிரி.

யுடபிள்யுபி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அகன்ற அலைத் தொழில்நுட்பம் இந்த வேலைக்கு ஏற்றது. மிகக் குறுகிய துடிப்புகளை அனுப்பி, அவை போய்த் திரும்பும் நேரத்தை அளக்கிறது. நடுவில் இருவர் நின்று நீட்டினால் நேரம் கூடும், கூடினால் கார் மறுத்துவிடும். காரில் யுடபிள்யுபி இருந்தால் மட்டும் போதாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தூரத்தை அளந்து, அதை வைத்தே கதவைத் திறக்கலாமா என்று கார் முடிவு செய்கிறதா? வாங்கும்போது கேட்க வேண்டியது இதை.

சாவியே தேவைப்படாத வழி

ரிலேக்கு எதிராகத் தடுப்புகள் வர வர, திருடர்கள் காரின் உள்வயர்களுக்கு வந்தார்கள். காருக்குள் பல சின்னக் கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன: எஞ்சினுக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று, ஹெட்லைட்டுக்கு ஒன்று. அவை ஒன்றோடொன்று பேசும் பொதுக் கம்பிக்குக் கேன் பஸ் என்று பெயர். பாஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்தியது. அதில் ஒரு செய்தி வந்தால், அது எதைப் பற்றியது என்று மட்டும் எழுதியிருக்கும், யார் அனுப்பியது என்று இருக்காது. குடும்பத்தார் மட்டும் உட்கார்ந்து பேசும் கூடம் அது, அந்நியர் நுழைவார் என்று யாரும் அன்று நினைக்கவில்லை.

2022இல் லண்டனில் ஒரு பாதுகாப்பு ஆய்வாளரின் டொயோட்டா ராவ்4 காரில், பம்பரும் ஹெட்லைட் பக்கமும் கழற்றப்பட்டுக் கிடந்தன. யாரோ விஷமம் செய்திருக்கிறார்கள் என்று நினைத்தார். கொஞ்ச நாளில் காரே போய்விட்டது. அவரும் சக ஆய்வாளரும் ஆராய்ந்து 2023இல் வெளியிட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. ஹெட்லைட்டுக்குப் போகும் கம்பி வழியாக நுழைந்து, "சாவி சரியாக இருக்கிறது" என்ற பொய்ச் செய்தியைப் பொதுக் கம்பியில் போட்டுவிடும் கருவிகள் கள்ளச் சந்தையில் விற்றுக்கொண்டிருந்தன. காவலாளியை ஏமாற்றவே இல்லை, காவலாளி ஒப்புதல் கொடுத்துவிட்டதாக உள்ளே இருப்பவர்களிடம் சொல்லிவிட்டார்கள்.

இதற்கு நிலையான தீர்வு உற்பத்தியாளர் கையில் இருக்கிறது: செய்திகளுக்குக் கையெழுத்து மாதிரி ஓர் அத்தாட்சி சேர்க்க வேண்டும். நம் பங்குக்கு, ஹெட்லைட் ஓரத்திலோ சக்கரத்துக்கு மேல் உள்ள பிளாஸ்டிக் மறைப்பிலோ புதிதாக ஏதாவது பிடுங்கியிருப்பது தெரிந்தால் அலட்சியமாக விடக்கூடாது. அன்றிரவே வண்டியை வேறு இடத்தில் நிறுத்துங்கள்.

இந்தப் பகுதியின் சுருக்கம்: ரிலேயில் அசல் சாவி தொலைவிலிருந்து பதில் சொல்கிறது. கேன் பஸ் வழியில் சாவியைக் கேட்பதே இல்லை. ஆகவே சாவியைப் பத்திரப்படுத்துவது முதலாவதை நிறுத்தும், இரண்டாவதை நிறுத்தாது.

டிராக்கர் என்ன செய்யும்

ஜிபிஎஸ் கருவி சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் சிக்னலைக் கேட்டுத் தன் இடத்தைக் கணக்கிடுகிறது. கேட்க மட்டும்தான் செய்யும். அந்த இடத்தை உங்களுக்குச் சொல்ல, உள்ளே சிம் கார்டு போட்ட செல்போன் இணைப்பு வேண்டும். இரண்டில் எது தடைபட்டாலும் வரைபடத்தில் புள்ளி நின்றுவிடும். தரைக்கடியில் உள்ள பார்க்கிங்கோ இரும்புக் கண்டெய்னரோ போதும், ஜாமர் என்னும் இரைச்சல் கருவியும் போதும்.

இருந்தாலும் டிராக்கர் வீண் என்று சொல்லமாட்டேன். முதல் மூன்று வேலையும் முடிந்த பிறகு உங்களுக்கு மிஞ்சுவது அது ஒன்றுதான். காரைக் கட்டி இழுத்தோ லாரியில் ஏற்றியோ போனாலும் அது வேலை செய்யும், இம்மொபிலைசர் அங்கே ஒன்றும் செய்ய முடியாது. புள்ளி எங்கே காட்டுகிறது என்று போலீசிடம் சொல்லுங்கள். நீங்களே தேடிப் போகாதீர்கள். கார் திரும்பக் கிடைக்காவிட்டாலும் இன்னொன்று வாங்கலாம்.

இன்றைக்கே செய்யக்கூடியவை

எளிதானதில் தொடங்கலாம். கார் பூட்டிக்கொண்டதா என்று பாருங்கள். ரிமோட்டை அழுத்தும் நேரத்தில் ஜாமர் இரைச்சல் போட்டால் கார் பூட்டாது, நீங்கள் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிடுவீர்கள். கீலெஸ் காரில் கைப்பிடியை இழுத்துச் சோதிக்க முடியாது, சாவி உங்களிடம் இருப்பதால் அது திறந்துவிடும். விளக்கு மினுக்குவதையும் கண்ணாடிகள் மடங்குவதையும் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். சாவியை உள்ளே விட்டு ஒரு நிமிடம் இறங்குவதைப் பற்றித் தனியே சொல்ல வேண்டுமா? அந்த ஒரு நிமிடத்தில், டிராக்கரைத் தவிர, மேலே சொன்ன தடுப்பு ஒன்றுகூட வேலை செய்யாது.

காரின் கையேட்டைத் திறந்து, கீலெஸ் வசதியை அணைத்து வைக்க முடியுமா என்று பாருங்கள். பல கார்களில் முடியும். சில புதிய சாவிகள் சிறிது நேரம் அசையாமல் இருந்தால் தானே தூங்கிவிடும், தூங்கும் சாவி எந்த அழைப்புக்கும் பதில் சொல்லாது. கிளப்புவதற்கு முன் ரகசிய எண் கேட்கும் வசதி இருந்தால் அதையும் போட்டு வையுங்கள். ரிலேயில் வந்தவனிடம் அந்த எண் இருக்காது.

ஸ்டியரிங்கில் மாட்டும் இரும்புப் பூட்டைப் பழங்காலத்துப் பொருள் என்று ஒதுக்குபவர்கள் உண்டு. எனக்கு அதன்மேல் மரியாதை அதிகம். அது எந்தக் கம்பியிலும் இணைந்திருக்கவில்லை, எந்த அலைக்கும் பதில் சொல்வதில்லை. ரிலேயும் கேன் பஸ்ஸும் அதனிடம் பேசவே முடியாது. அறுக்கலாம்தான், ஆனால் அறுக்க நேரமும் சத்தமும் ஆகும். ஓசையில்லாமல் வந்து போகும் திருடன் தவிர்க்க நினைப்பது அவை இரண்டையும்தான்.

பழைய கார் வாங்கினால், எத்தனை சாவிகள் பதிவாகியிருக்கின்றன என்று கேட்டு, உங்களிடம் இல்லாதவற்றைக் காரின் நினைவிலிருந்து அழிக்கச் சொல்லுங்கள். முந்தைய சொந்தக்காரரின் மேசை அறையில் தூங்கும் மூன்றாவது சாவியை இம்மொபிலைசர் இன்னும் அசல் என்றுதான் நம்பும்.

கடைசியாகச் சாவிப் பை. அலைகளைத் தடுக்கும் உலோக இழை வைத்துத் தைத்த சின்ன உறை அது. உலோகக் கூட்டுக்குள் வெளிப் புலம் நுழையாது என்று மைக்கேல் பாரடே 1836இல் காட்டியதன் பயன்பாடு. சாவியை மைக்ரோவேவ் அடுப்பில் வைக்கச் சொல்லும் யோசனையைக் கேட்காதீர்கள், யாராவது தெரியாமல் இயக்கினால் சாவி கருகிவிடும். நான் ஆரம்பத்தில் ஒரு தகர டப்பாவை நம்பினேன். டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு காரிடம் போய்க் கைப்பிடியைத் தொட்டேன். திறக்கவில்லை. மூடியை ஒரு விரல் அகலத்துக்குத் தளர்த்தினேன், திறந்துவிட்டது. அப்புறம்தான் பைக்கு மாறினேன்.

பையையும் அதே மாதிரி சோதியுங்கள். சாவியை உள்ளே போட்டு மூடி, காருக்குப் பக்கத்தில் நின்று கைப்பிடியைத் தொட்டுப் பாருங்கள். மடித்து மடித்து உள்ளே இழை அறுந்துபோகும், அதனால் சில மாதத்துக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்யுங்கள். சோதித்து முடித்ததும் வீட்டுக்குள் போய், வாசலோரம் ஆணியில் தொங்கும் இரண்டாவது சாவியை எடுத்து அதற்கும் ஒரு பை கொடுங்கள். திருடன் கேட்கும் கேள்விக்கு அதுவும் அதே பதிலைத்தான் சொல்லும்.